அரைக்காசு கிடந்த இடம்

“அலுமினியத்துக்கும் கத்துமா அம்மிணி?”

போனில் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வாழ்நாள் முழுக்கத் தகடு அடித்தவர் அவர். கோவென்ட்ரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இருநூற்றைம்பது வருடத்துப் பண்ணை வீட்டைச் சுற்றி மெட்டல் டிடெக்டர் பிடித்துக்கொண்டு பழங்காசு தேடுகிறேன் என்று மகள் சொன்னால், மற்ற அப்பாக்கள் “தங்கம் கிடைச்சுதா?” என்று கேட்டிருப்பார்கள்.

கத்தும் அப்பா. அலுமினியத்துக்குத்தான் ரொம்ப அழகாகக் கத்தும்.

முதல் இரண்டு மாதம் நான் தோண்டி எடுத்ததையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டினேன். பீர் டப்பாவின் இழுவளையங்கள், முயல் சுடுகிற தோட்டாவின் பித்தளைக் குப்பிகள், டிராக்டரிலிருந்து விழுந்த நட்டு, சாக்லெட் சுற்றிய தாள், பாதி லாடம், லாட ஆணிகள் ஒரு கைப்பிடி. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “பழைய இரும்பு, பழைய பேப்பர்னு கூவிட்டுப் போக ஒரு தள்ளுவண்டி வாங்கித் தரட்டுமா?” என்றார்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு எந்த உலோகத்தின் பெயரும் தெரியாது. கீழே தட்டுப் போல இருக்கும் காயிலில் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடி மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. உள்ளே உலோகம் கிடந்தால் அதில் குட்டிக் குட்டியாகச் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். எவ்வளவு பலமாக வருகிறது, எவ்வளவு பிந்தி வருகிறது என்று அளந்து கருவி ஒரு ஊகம் சொல்கிறது, அவ்வளவுதான். இரும்புக்கு உறுமல். கனத்த செம்புக்கும் வெள்ளிக்கும் கணீரென்று மேல் ஸ்தாயி. நடுவில் இருக்கும் சுருதியில் மெல்லிய தங்க மோதிரமும் பீர் டப்பா வளையமும் ஒரே ராகம் பாடும். தங்கம் வேண்டுமானால் வளையத்தையும் தோண்டத்தான் வேண்டும்.

இதில் என்னை இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. என் மகன் அவரைத் தமிழிலேயே ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவான். இந்தப் பையன் நம்மைப் பார்த்ததுமே ஏன் டாட்டா சொல்லிவிட்டுப் போகிறான் என்று முதல் ஒரு மாதம் அவர் குழம்பியிருக்கிறார். இப்போது கிறிஸ்துமஸ் அட்டையிலேயே ‘தாத்தா’ என்று கையெழுத்துப் போடுகிறார்.

பண்ணை வீடு அவருக்குத் தெரிந்த ஓர் அம்மாளுடையது. 1700-களில் கட்டிய செங்கல் வீடு. முன்னால் ஒரு தோப்பு, அப்புறம் ஆடு மேயும் ஒரு புல்வெளி. அந்தப் புல்வெளியைச் சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும். பச்சைப் போர்வையை யாரோ மடிப்பு மடிப்பாகச் சுருக்கி விட்டதுபோல் மேடும் சாலுமாக ஓடும். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முந்திய உழவின் தடம் அது. பிற்பாடு ஆட்டுக்காக விட்டுவிட்டதால் கலைக்காமல் கிடக்கிறது. கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு உழவுசால் புதிதில்லை. ஆனால் ஒரு மழைக்கு அழிந்துபோகிற சால் இத்தனை நூற்றாண்டு நிற்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

எழுத்தில் அனுமதி வாங்காமல் அவர் காலெடுத்து வைக்க மாட்டார். யாருடைய நிலம், கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அந்த அம்மாளும் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். இங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் தேடலாம். ஆனால் அரசு பட்டியலிட்ட தொல்லியல் இடங்களில் 1979-ஆம் வருடச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கருவியைப் பிடித்துத் தேடுவதே குற்றம். கோட்டை, மடம், ரோமானிய வில்லா என்று நாம் ஆசைப்படும் இடமெல்லாம் அதில் அடங்கிவிடும். மிச்சம் இருப்பது இதுபோன்ற சாதாரண வீடுகளும் வயல்களும்தான். எனக்குப் பிடித்ததும் அதுதான். மன்னர்கள் எதையும் கைதவறி விடுவதில்லை. ஓட்டைப் பையோடு நடப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

காசு எங்கே விழும்? பெரியவர் வருடக்கணக்காக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் விழாது, விழுந்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் படிக்கட்டின் இரண்டு பக்கமும் விழும், கால் தூக்கும்போது. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே விழும். பெரிய மரத்தடியில், மதியம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்கிற இடத்தில் விழும். வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் விழும். பாதை இன்று இல்லாவிட்டால் என்ன, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் நூற்றைம்பது வருடத்துப் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் போர்த்திப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் நான் அதில் விழுந்து கிடப்பேன். சீரியல் பார்க்காத குறையை இது தீர்த்தது.

சரி, அரைக்காசு கதைக்கு வருகிறேன்.

நவம்பர் மாதம், மூன்றாவது ஞாயிறு. தூறல். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிற குளிர். புல்வெளியின் கீழ்க்கோடியில், சால் ஒன்றின் சரிவில், ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. கொசு காதருகே வந்து போனது போல. காயிலை வடக்கு தெற்காக ஆட்டினேன், வந்தது. கிழக்கு மேற்காக ஆட்டினேன், வந்தது. இரண்டு பக்கமும் வருகிற சத்தத்தை விடக்கூடாது என்பார் பெரியவர்.

புல்லை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டு மடித்தேன். தோண்டின பிறகு புல்லை அப்படியே மூடி மிதித்துவிட்டால், அடுத்த வாரம் ஆட்டுக்கே அடையாளம் தெரியாது. ஒரு சாண் ஆழம் போனதும் சத்தம் குழியில் இல்லை. எடுத்துப் போட்ட மண்கட்டிக்குள் இருக்கிறது. கட்டியை இரண்டாகப் பிட்டேன், ஒரு பாதியில் சத்தம். அதை இரண்டாகப் பிட்டேன். களிமண், கோதுமை மாவு மாதிரி விரலில் ஒட்டுகிறது. கடைசியில் ஒரு நெல்லிக்காயளவு உருண்டை மிஞ்சியது. கட்டைவிரலால் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் ஓர் ஓரம் தெரிந்தது, அரை வட்டமாக.

ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் கத்தியால் வெட்டிய நேர்கோடு. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மழைத்துளி பட்டுக் களிமண் கரைந்ததும் இரட்டைக் கோடாக ஒரு சிலுவையின் கை, அதன் பக்கத்தில் மூன்று புள்ளி. உடைந்த பித்தான் என்று நினைத்து எறியப் பார்த்தேன். பெரியவர் ஓடி வந்தார். எழுபத்தாறு வயதில் அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் ஹென்றி காலத்து வெள்ளிப் பென்னியில் பாதி. 1247-இல் அறிமுகமான நீளச் சிலுவைக் காசு. அதற்கு முந்திய காசுகளின் ஓரத்தை ஆட்கள் நறுக்கி வெள்ளி திருடியதால், சிலுவையின் கையைக் காசின் விளிம்புவரை நீட்டிவிட்டார்கள். கை குறைந்திருந்தால் வெட்டியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். அதே சிலுவை இன்னொன்றுக்கும் உதவியது. சில்லறை வேண்டுமா, கோட்டில் வைத்து இரண்டாக வெட்டு. இன்னும் சின்னச் சில்லறையா, நாலாக வெட்டு. கால் பென்னியைக் குறிக்கும் ஃபார்திங் என்ற பெயருக்கே நாலில் ஒன்று என்றுதான் பொருள். 1279-க்குப் பிறகு முதலாம் எட்வர்ட் வட்டமான அரைப் பென்னியும் கால் பென்னியும் அடிக்க ஆரம்பித்ததும் இந்த வெட்டு வழக்கொழிந்தது.

எங்கள் ஊரில் “அரைக்காசு உத்தியோகம்னாலும் அரமனை உத்தியோகம்” என்பார்கள். அரைக்காசு என்றால் மதிப்பில் பாதி என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே ஒரு காசைப் பாதியாக வெட்டிக் கையில் கொடுத்த உலகம் ஒன்று இருந்திருக்கிறது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக, வீட்டுக்கு வந்து சூடாக ரசம் வைத்துக் குடித்தேன்.

தப்பு நடந்தது அங்கேதான். அன்று புரியவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கண்டெடுத்த பொருள்களைப் பதிய ஓர் அமைப்பு இருக்கிறது. 1997-இல் தொடங்கியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அலுவலர். நாம் காசையும் பித்தானையும் கொண்டுபோய்க் கொடுத்தால் எடை போட்டு, படம் எடுத்து, என்னவென்று எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருவார். இப்படி 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. புதையல் என்றால் கதை வேறு, அது கட்டாயம். 1996-ஆம் வருடச் சட்டப்படி, முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட தங்கம் அல்லது வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 14 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். யாரிடம் என்கிறீர்கள்? சந்தேக மரணத்தை விசாரிக்கிற அதிகாரியிடம். மண்ணுக்கடியில் கிடப்பது எல்லாமே அவர் இலாகா போலிருக்கிறது. அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் விலையைக் கண்டவரும் நிலக்காரரும் பொதுவாகப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள்.

என்னுடையது ஒற்றைக் காசு, அதிலும் அரை. புதையல் இல்லை. ஆனாலும் பெருமையாகக் கொண்டுபோனேன். அந்த அலுவலர், முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு, லென்ஸில் பார்த்துக் குஷியாகிவிட்டார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார், “எங்கே கிடந்தது?”

“அந்தப் புல்வெளியில்.”

“புல்வெளியில் எங்கே?”

இடத்தைக் குறிக்கும் வரைபட எண், குறைந்தது எட்டு இலக்கத்தில் வேண்டுமாம். எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம். பத்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். சட்டைப்பையிலேயே போன் இருந்தது, ஒரு பட்டனைத் தட்டியிருந்தால் போதும். நான் படம் எடுத்தது என்னவோ உண்மைதான், உள்ளங்கையில் வைத்து, இன்ஸ்டாவுக்கு. பின்னணியில் என் ரெயின்கோட் மட்டும் தெரிகிறது. கீழ்க்கோடி, சரிவு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. ஒரு கிலோமீட்டர் சதுரம் என்று போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் அதே புல்வெளியில் பெரியவருக்கு இரண்டு அரைக்காசும் ஒரு கால்காசும் கிடைத்தன, மூன்று வாரத்தில், எல்லாம் வேலிக்கு முப்பது அடிக்குள். ஒற்றை ஒற்றையாகச் சிதறியவை. எல்லாவற்றுக்கும் பத்து இலக்கம் எழுதி வைத்திருந்தார். இவ்வளவு சில்லறை ஒரே ஓரத்தில் சிதறிக் கிடந்தால் அங்கே யாரோ எதையோ விற்றிருக்கிறார்கள், சந்தையோ திருவிழாவோ கூடியிருக்கலாம் என்றார் அலுவலர். பதிவேடு எதிலும் இல்லாத ஒரு சந்தை. வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்துப் பார்த்தார். நாலாவது புள்ளி எங்கே? இந்த மூன்றோடு சேருமா, தள்ளி நின்று வேறு கதை சொல்லுமா? நான் நாலு தடவை போய் நின்று பார்த்துவிட்டேன். புல்லை அவ்வளவு ஒழுங்காக மூடியிருக்கிறேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதைகள் சில உண்டு. 1992-இல் சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பரை டிடெக்டரோடு கூப்பிட்டார். அவர் சுத்தியல் தேடப் போய் ரோமானியப் புதையலில் இடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட 15,000 காசுகள், தங்க நகைகள், மிளகு போட்டு வைக்கும் வெள்ளிச் சிமிழ்கள். அந்த மிளகு நம் பக்கத்து மலையில் விளைந்ததுதான், வேறு எங்கிருந்து ரோமுக்குப் போயிருக்கும்? லாஸ் கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு ஆள் சொல்லி அனுப்பினார். தொல்லியல் ஆட்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2010-இல் சாமர்செட்டில் ஃப்ரோம் அருகே நடந்தது. டேவ் கிறிஸ்ப், மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்தவர். ஒரு பானையின் வாய் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். உள்ளே 52,503 ரோமானியக் காசுகள். அவசரப்பட்டுக் கவிழ்த்திருந்தால் காசு மட்டும் கிடைத்திருக்கும். அடுக்கு அடுக்காக எடுத்ததால் ஒன்று தெரிந்தது. காலத்தால் பிந்திய காசுகள் மேலே இல்லை, பானையின் உள்ளே ஆழத்தில் கிடந்தன. உண்டியல் மாதிரி வருடா வருடம் போட்டுச் சேர்த்திருந்தால் அவை மேலேதானே இருக்கும்? ஆக, ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார்கள். சாமிக்குக் காணிக்கையாக இருக்கலாம் என்று ஒரு வாதம். இந்த ஐம்பதாயிரம் காசில் எதைத் தனியாக எடுத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

இதற்கு நேர்மாறான ஆட்களும் இருக்கிறார்கள். ராத்திரியில் பிறர் நிலத்தில் புகுந்து தோண்டுபவர்கள். ஹெரிஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்ற இருவருக்கு 2019-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. பெரும்பாலான காசுகள் திரும்ப வரவே இல்லை.

ஒரு சின்ன விலகல். மகனோடு படிக்கும் பையனின் அம்மா கிளிநொச்சிக்காரி. ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது தோட்டத்தில் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பூனைத் தரையில் போட்டு ஆட்டினேன், கத்தியது. தேநீர்க் கோப்பையோடு படியிறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“உந்தச் சத்தம் கேட்டா எங்கட ஆக்கள் அசைய மாட்டினம் அக்கா,” என்றாள். அவளுடைய மச்சாள் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். சத்தம் வந்தால் அடையாளம் வைத்து, மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சில அடிதான் நகர முடியுமாம். “அவள் எடுத்ததிலும் முக்கால்வாசி ஆணியும் தகரமும்தான். ஆனா ஒவ்வொண்டையும் வெடி எண்டு நினைச்சுத்தான் எடுக்கவேணும்.”

இந்தக் கருவிக்கும் கண்ணிவெடிக்கும் பழைய உறவு. கையில் பிடித்து நடக்கும் கண்ணிவெடி டிடெக்டரை இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு வடிவமைத்தவர் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி. 1942-இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் அதை வைத்துத்தான் வழி செய்தார்கள். போர் முடிந்த பிறகுதான் அது பொழுதுபோக்குக்காரர்கள் கைக்கு வந்தது. அன்று முதல் அவள் வீட்டுக்கு வரும் நாளில் நான் அதை வெளியே எடுப்பதில்லை.

அந்தப் பண்ணை வீட்டில் எனக்குக் கிடைத்த இன்னொரு உருப்படியைச் சொல்லாமல் விட மனமில்லை. தோப்பில், ஆப்பிள் மரத்தடியில், ஹெட்ஃபோனைக் கழற்றிவிடும் அளவுக்குக் கணீரென்ற சத்தம். 1797-ஆம் வருடச் செம்புப் பென்னி. ஒரு அவுன்ஸ் எடை, 36 மில்லிமீட்டர் அகலம், தடித்த விளிம்பு. வண்டிச்சக்கரம் என்றே இதற்குப் பட்டப்பெயர். இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் பை கிழியாமல் என்ன செய்யும்? பர்மிங்காமில் சோஹோ என்ற இடத்தில் மாத்யூ போல்டன் நீராவி எந்திரத்தால் காசு அடித்தார். இது அவர் பட்டறைச் சரக்கு.

அதே பட்டறையில்தான் சென்னை மாகாணத்துக்கும் காசு அடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, 10 காசும் 20 காசும். 1808 என்று வருடம் போட்ட செம்புக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் சென்னைக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, கென்ட் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் சரக்கைக் கண்டுபிடித்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை வெளியே எடுத்தார்கள். அதனால் இங்கே பழங்காசுக் கடைகளில் அது மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், சிங்கங்கள். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமானிய எண்ணில் 20, பக்கத்தில் ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில். மகன் “பணம்னு எழுதியிருக்கு” என்றான். இல்லை கண்ணா, இது ‘காசு’. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழி வந்தது, அது வேறு. இந்தக் காசின் பெயர் நம்முடையது, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து புறப்பட்டு இப்படி ஆகிவிட்டது. ஒரு மூட்டை உப்பு வாங்கவோ ஒரு கட்டு வெற்றிலை வாங்கவோ கொடுத்து வைக்காமல் கடலில் கிடந்து வந்த காசு. வண்டிச்சக்கரத்தையும் அதையும் ஒன்றாக மேசையில் வைத்திருக்கிறேன். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர் ஒரு படம் அனுப்பினார். எவர்சில்வர் கடுகு டப்பாவின் மூடியில், பச்சைப் பாசி ஏறிய ஒரு சதுரச் செம்புக்காசு. சுண்டுவிரல் நகமளவு. “இது நம்மூட்டுது,” என்று ஒரு குரல் செய்தி.

ஆறாவது படிக்கும்போது பார்த்திருக்கிறேன் அதை. மறந்தே போய்விட்டது. எங்கள் ஊரில் கருவியெல்லாம் கிடையாது. அமராவதியில் தண்ணீர் வற்றியதும் ஆற்றுக்குள் குழி பறித்து, மரத்தட்டில் மணலைப் போட்டு அலசி அரிப்பார்கள். மூக்குத்தி, வெள்ளி மெட்டி, கால்விலங்கு போல கனத்த தண்டை, பழங்காசு எல்லாம் வரும். ரோமானியக் காசு வந்திருக்கிறது, சேரர் காசு வந்திருக்கிறது, ‘மாக்கோதை’ என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக்காசு வந்திருக்கிறது. சங்க காலத்துக் கருவூர் அதுதான் என்று சொல்ல ஆற்றுமணல் ஒரு பெரிய சாட்சி. ஆனால் அரித்தவர்கள் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வைத்தார்களா? அவர்களுக்கு அன்றைய அரிசிக்கு வழி வேண்டும். சாயங்காலம் காசு வியாபாரி வருவார், எடைக்கு எடை, பேரத்துக்குப் பேரம், கைமாறிவிடும். ஆறே புரட்டிப் புரட்டிப் போட்டதில் இடம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்ஸ்டாவுக்குப் படம் எடுத்தவளுக்கு அவர்களைக் குறை சொல்ல வாயில்லை.

இதை வாசித்துவிட்டு யாராவது ஆன்லைனில் டிடெக்டர் ஆர்டர் போடும் முன் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் தோண்டினால் கம்பிதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை 1972-ஆம் வருடச் சட்டப்படி நாட்டைவிட்டு எடுத்துப்போகவும் முடியாது, அதனால்தான் கடுகு டப்பாக் காசு கடுகு டப்பாவிலேயே இருக்கிறது. அப்புறம், ஐம்பதடி ஆழத்தில் தங்கத்தை மட்டும் காட்டும் கருவி என்று விளம்பரம் வந்தால், இரிடியம் கலசம் விற்றவருக்குச் சொந்தக்காரர் யாரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கருவிக்கு ஒற்றைக் காசு ஒரு அடி ஆழத்தில் கேட்டாலே பெரிய விஷயம்.

ஒரு ஞாயிறு, பெரியவர் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா வீடியோ காலில் வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஒருவர் கார் தகடு, ஒருவர் பஸ் தகடு. மகன் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான். அப்பா காசை கேமராவுக்கு முன்னால் நீட்டினார். ஒரு பக்கம் யானையின் முதுகு போல ஒரு மேடு. மறுபக்கம் வில் போல ஒரு வளைகோடு, சேரரின் வில்லாக இருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம். பெரியவர் இட்லியை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மகனிடம் ஏதோ சொன்னார்.

“தாத்தா, இது எங்க கிடந்துச்சுன்னு இந்தத் தாத்தா கேக்கறார்.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “ஆத்துல அரிக்கிறவர் ஒருத்தர்கிட்ட வாங்கினது. எம்பத்தாறுல. பன்னெண்டு ரூவா குடுத்தேன், உங்க அம்மாயி அதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசல. அந்தாளு போய்ச் சேந்து பதினஞ்சு வருசமாச்சே சாமி.”

மகன் ஆங்கிலத்தில் சொன்னான். பெரியவர் தலையாட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து, இங்கே காலை ஆறு மணி, வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷன் வந்தது. பசுபதிபாளையம் பக்கம், அமராவதிக்குள், நீல நிறப் புள்ளி. பின்னாலேயே ஒரு வீடியோ. சீமைக்கருவேலம், சாயத்தண்ணி வற்றிய கறை, நடுவில் ஒரு பாறை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா மூச்சு வாங்க நிற்கிறார். குனிந்து காலால் மணலில் ஒரு வட்டம் போட்டார்.

“இந்தப் பாறையில தட்டை வெச்சுக்கிட்டு இங்கதான் உக்காந்து அரிப்பாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஒரு பத்தடி அக்கட்டால இக்கட்டால இருக்கும்னு அந்தப் பெரியவர்கிட்டச் சொல்லிரு அம்மிணி.”